தினமும் ஸ்டாண்ட்-அப்... 2 வாரத்துக்கு ஒரு ஸ்பிரின்ட்... ஐ.டி. கம்பெனிகளின் 'அஜைல்' முறை ஏன் தடுமாறுகிறது?

வீட்டில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒருவர் இருந்தால், "ஸ்டாண்ட்-அப்ல இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்று அவர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். "இந்த ஸ்பிரின்ட் முடியட்டும், ஊருக்கு வரேன்" என்பதும் பழகிப்போன வசனம்தான். இந்த வார்த்தைகள் எல்லாம் 'அஜைல்' என்ற வேலை முறையோடு வந்தவை.

சாஃப்ட்வேர் உலகத்தையே மாற்றும் என்று சொல்லப்பட்ட இந்த முறையைச் சுற்றி இப்போது ஒரு பதற்றம் தெரிகிறது. அமெரிக்காவின் கேபிட்டல் ஒன் வங்கி, 2023 ஜனவரியில் 'அஜைல்' என்ற பெயரில் இருந்த பணிப் பிரிவையே கலைத்தது. 1,100-க்கும் மேற்பட்ட பணியிடங்கள் போயின. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம், தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப்போவதாகச் சொன்னது. அதில் பெரும்பாலானவர்கள் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்கள். புதிய தொழில்நுட்பத்தோடு சேர்த்து, வேலை செய்யும் முறை மாறுவதையும் அந்த நிறுவனம் ஒரு காரணமாகச் சொன்னது.

அப்போ அஜைல் தோற்றுவிட்டதா? இல்லை, அஜைல் என்ற பெயரில் வேறு ஏதோ நடக்கிறதா? விரிவாகப் பார்ப்போம்.

முதல்ல, அஜைல்னா என்ன?

தீபாவளிக்குச் சட்டை தைக்கக் கொடுக்கிறீர்கள். டெய்லர் அளவு எடுக்கிறார். ரசீது தருகிறார். பண்டிகைக்கு முதல் நாள் ராத்திரி போய் வாங்குகிறீர்கள். போட்டுப் பார்த்தால் தோள் இறுக்கம். இனி பிரிச்சுத் தைக்க நேரமில்லை.

இன்னொரு டெய்லர் பாதி தைத்ததுமே கூப்பிட்டு, "ஒரு தடவை போட்டுப் பாருங்க" என்கிறார். இறுக்கமாக இருந்தால் அப்போதே தளர்த்திவிடுகிறார். தீபாவளி அன்று பிரச்னை இல்லை.

சாஃப்ட்வேர் உலகில் முதல் டெய்லரின் பாணிக்கு 'வாட்டர்ஃபால்' என்று பெயர். தேவை என்ன என்று முழுக்க எழுதிக்கொள்வது, பிறகு டிசைன், பிறகு கோடிங், கடைசியில் டெஸ்டிங். அருவி மாதிரி மேலிருந்து கீழே மட்டும்தான் வரும், திரும்ப ஏறாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தப் படிப்படியான முறையை 1970-ல் வரைந்து காட்டிய வின்ஸ்டன் ராய்ஸ் என்ற பொறியாளர், அதே கட்டுரையில் 'இதை இப்படியே செய்தால் ஆபத்து' என்றும் எழுதியிருந்தார். படத்தை எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது டெய்லரின் பாணிதான் அஜைல். கொஞ்சம் செய், காட்டு, கருத்துக் கேள், திருத்து, அடுத்ததைச் செய். அவ்வளவுதான் விஷயம்.

17 பேர், 3 நாள், 4 வரி

2001 பிப்ரவரி 11 முதல் 13 வரை, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடினார்கள். கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம், மார்ட்டின் ஃபவுலர், ஜெஃப் சதர்லேண்ட், கென் ஷ்வேபர் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு வேலை முறையை வைத்திருந்தவர்கள். அவர்கள் பொதுவாக ஒப்புக்கொண்ட விஷயங்களை ஒரு சிறிய அறிக்கையாக எழுதினார்கள். அதுதான் அஜைல் அறிக்கை. 4 மதிப்புகள், 12 கொள்கைகள்.

அதன் சாரம் இதுதான்: நடைமுறைகளையும் கருவிகளையும் விட மனிதர்கள் முக்கியம். பக்கம் பக்கமான ஆவணத்தை விட ஓடுகிற சாஃப்ட்வேர் முக்கியம். ஒப்பந்தப் பேரத்தை விட வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்வது முக்கியம். போட்ட திட்டத்தைப் பிடித்துத் தொங்குவதை விட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பது முக்கியம்.

கவனித்தீர்களா? இதில் ஸ்டாண்ட்-அப் இல்லை, ஸ்பிரின்ட் இல்லை, ஸ்க்ரம் மாஸ்டர் இல்லை. அவை 'ஸ்க்ரம்' என்ற தனி முறையிலிருந்து வந்தவை. ஸ்க்ரம் அதற்கு முன்பே, 1995-லேயே சதர்லேண்டும் ஷ்வேபரும் பொதுவெளியில் முன்வைத்த முறை. ரக்பி விளையாட்டில் வீரர்கள் தோளோடு தோள் சேர்ந்து தள்ளும் காட்சிதான் அந்தப் பெயரின் மூலம்.

ஸ்க்ரம் எப்படி நடக்கும்?

செய்ய வேண்டிய வேலைகள் எல்லாம் ஒரு பட்டியலில் இருக்கும். அது 'பேக்லாக்'. எது முதலில் வேண்டும் என்று முடிவு செய்பவர் 'பிராடக்ட் ஓனர்'. பட்டியலின் மேலிருந்து, முடிக்க முடிந்த அளவு வேலையை டீம் எடுத்துக்கொள்ளும். அதைச் செய்யும் காலம்தான் 'ஸ்பிரின்ட்'. ஒரு மாதத்துக்கு மேல் போகக்கூடாது. பெரும்பாலான டீம்கள் 2 வாரம் வைத்துக்கொள்கின்றன.

தினமும் 15 நிமிடம் டீம் கூடிப் பேசும். நின்றுகொண்டே பேசினால் சீக்கிரம் முடியும் என்பதால் 'ஸ்டாண்ட்-அப்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஸ்பிரின்ட் முடிவில், செய்ததை ஓட்டிக் காட்ட வேண்டும். பிறகு 'ரெட்ரோ'. அதாவது, நாம் வேலை செய்த விதத்தில் எது சரி, எது தப்பு என்று டீமே உட்கார்ந்து பேசுவது. இதெல்லாம் தடங்கல் இல்லாமல் நடக்க உதவுபவர் 'ஸ்க்ரம் மாஸ்டர்'.

இதற்கான அதிகாரபூர்வ கையேட்டின் 2020 பதிப்பு வெறும் 13 பக்கம்தான். படிக்க அரை மணி நேரம் போதும். கடைப்பிடிப்பதுதான் கஷ்டம்.

எஃப்.பி.ஐ. கற்றுக்கொண்ட பாடம்

அஜைல் நிஜமாகவே வேலை செய்யுமா என்று கேட்பவர்களுக்குச் சொல்ல, நன்றாகப் பதிவாகியிருக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் கதை.

2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தபோது எஃப்.பி.ஐ. இன்னும் காகிதக் கோப்புகளில் வழக்கு நடத்திக்கொண்டிருந்தது. ஒரு அலுவலகத்துக்குத் தெரிந்தது இன்னொரு அலுவலகத்துக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் கணினிக்குக் கொண்டுவர 'வர்ச்சுவல் கேஸ் ஃபைல்' என்ற திட்டம் போட்டார்கள். சுமார் 17 கோடி டாலர் செலவான பிறகு, 2005-ல் அது பயன்படாது என்று கைவிடப்பட்டது.

அடுத்த வருடம், 2006-ல், 'சென்டினல்' என்ற புதிய திட்டம். ஒப்பந்தம் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்துக்கு. 4 கட்டங்கள். 2009 டிசம்பருக்குள் முடிய வேண்டும். முழுக்கத் திட்டமிட்டு, கட்டம் கட்டமாக இறங்கும் பழைய பாணி.

2010 ஆகஸ்ட் நிலவரம் என்ன தெரியுமா? 45.1 கோடி டாலர் பட்ஜெட்டில் 40.5 கோடி செலவாகியிருந்தது. முடிந்தது 4 கட்டங்களில் இரண்டு. இதே வழியில் போனால் இன்னும் 6 வருடமும், கூடுதலாகக் குறைந்தது 35.1 கோடி டாலரும் வேண்டும் என்று ஒரு வெளி மதிப்பீடு சொன்னது.

அங்கேதான் எஃப்.பி.ஐ. ஒரு முடிவெடுத்தது. வேலையைத் தன் கைக்கே எடுத்துக்கொண்டது. சுமார் 220 ஆக இருந்த ஒப்பந்த ஊழியர்கள் 40 பேராகக் குறைக்கப்பட்டார்கள். மிச்சமிருந்த தேவைகள் சுமார் 670 சிறு வேலைகளாக உடைக்கப்பட்டன. 2 வாரத்துக்கு ஒரு ஸ்பிரின்ட். ஒவ்வொரு ஸ்பிரின்ட் முடிவிலும், ஓடுகிற சாஃப்ட்வேரை வைத்துக் காட்ட வேண்டும்.

எல்லாம் சுமுகமாகப் போனதா? அதுவும் இல்லை. 2011 செப்டம்பரில் முடிப்போம் என்றார்கள், முடியவில்லை. 2011 அக்டோபரில் நூற்றுக்கணக்கான ஊழியர்களை வைத்துச் சோதித்தபோது சிஸ்டம் இரண்டு முறை படுத்துவிட்டது. இருந்த வன்பொருள் தாங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. புது கருவிகள் வாங்கி, 2012 ஜூலை 1-ல் சென்டினல் எல்லாருக்கும் திறக்கப்பட்டது. அதே 45.1 கோடி டாலர் வரம்புக்குள்.

2014-ல் வந்த தணிக்கை அறிக்கையில், பெரும்பாலான பயனாளர்கள் வேலைக்கு உதவுகிறது என்றார்கள். தேடும் வசதி சரியில்லை என்ற குறையும் பதிவானது.

இதில் பாடம் என்ன? எஃப்.பி.ஐ. மாற்றியது மீட்டிங் அட்டவணையை மட்டும் அல்ல. முடிவெடுப்பவரும் கோட் எழுதுபவரும் பக்கத்தில் பக்கத்தில் வந்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உண்மை வெளியே தெரிந்தது. சிஸ்டம் படுத்தது கூட, எல்லாருக்கும் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. தப்பு நடக்காது என்று அஜைல் உத்தரவாதம் தராது. தப்பு சீக்கிரம் தெரியும், அதைத் திருத்த நேரமும் பணமும் மிச்சமிருக்கும். அதன் பலன் அங்கேதான்.

பெயர் மாறுச்சு, பழக்கம் மாறலையே!

சரி, இவ்வளவு நல்ல முறை என்றால் ஏன் இத்தனை புலம்பல்?

பல இடங்களில் சடங்கு மட்டும் வந்தது, அதிகாரம் கைமாறவில்லை. டீம் தானே பேசிக்கொள்ள வேண்டிய ஸ்டாண்ட்-அப், மேனேஜரிடம் வருகைப் பதிவு கொடுப்பது போல ஆகிவிட்டது. 15 நிமிடம் 45 நிமிடமாக நீள்கிறது. "நேத்து என்ன பண்ணே? இன்னிக்கு என்ன பண்ணுவே?" என்ற விசாரணை. நிற்க வேண்டிய கட்டாயம் கூட இல்லை, கேமராவை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டே பதில் சொல்லலாம்.

அடுத்தது 'ஸ்டோரி பாயின்ட்'. ஒரு வேலை எவ்வளவு கடினம் என்று டீம் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் குத்துமதிப்பு எண் அது. அடுத்த ஸ்பிரின்ட்டில் எவ்வளவு எடுக்கலாம் என்று தெரிந்துகொள்ள மட்டும்தான். ஆனால் அதுவே மதிப்பெண் ஆகிவிட்டது. "பக்கத்து டீம் 60 பாயின்ட், நீங்க ஏன் 40?" என்று கேட்டால் என்ன நடக்கும்? அடுத்த மாதம் அதே வேலைக்கு இவர்களும் 60 என்று எழுதிவிடுவார்கள். எண் ஏறும், வேலை ஏறாது.

ஸ்னோபேர்டில் கையெழுத்திட்ட 17 பேரில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ், ஸ்டோரி பாயின்ட்டை நான்தான் உருவாக்கியிருந்தால் அதற்காக வருந்துகிறேன் என்ற அளவுக்குப் போய்விட்டார். பெயரளவு அஜைலை டெவலப்பர்கள் கைவிட வேண்டும் என்று 2018-ல் எழுதியவரும் அவரே. இன்னொரு கையெழுத்தாளர் டேவ் தாமஸ், 2014-லேயே 'அஜைல் செத்துவிட்டது' என்று எழுதினார். இருவரும் திட்டியது மூல யோசனையை அல்ல. அதை ஒரு சரக்காக விற்கும் சந்தையைத்தான். இரண்டு நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு புதுப் பதவி. கம்பெனி அஜைல் ஆகிவிட்டது!

சென்னைக்கு வந்தால் இன்னொரு சிக்கல்

ஓ.எம்.ஆர். சாலையிலும் கோவையிலும் நடக்கும் சாஃப்ட்வேர் வேலையில் பெரும்பங்கு வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கானது. டி.சி.எஸ். போன்ற நிறுவனங்கள், 2020-க்குள் முழு நிறுவனமும் அஜைல் ஆக வேண்டும் என்று இலக்கு வைத்தே இறங்கின. ஆனால் இந்தத் தொழிலின் அமைப்பே அஜைலுக்குக் கொஞ்சம் எதிராக இருக்கிறது.

முதலில் நேரம். பிராடக்ட் ஓனர் நியூயார்க்கில், டீம் சோழிங்கநல்லூரில் என்று வைத்துக்கொள்வோம். காலை 11 மணிக்கு இங்கே ஒரு சந்தேகம் வருகிறது. அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். பதில் வர இங்கே சாயங்காலம் ஆகும். ஒரு கேள்விக்கு ஒரு நாள். 2 வார ஸ்பிரின்ட் என்பது 10 வேலை நாள்தான். நாலு சந்தேகம் வந்தால் நாலு நாள் தள்ளாட்டம். இதைத் தவிர்க்க டீம் ராத்திரி காலில் உட்கார்கிறது. பிள்ளைகள் தூங்கிய பிறகு நடக்கும் ஸ்டாண்ட்-அப் எத்தனையோ வீடுகளுக்குப் பழக்கம்.

இரண்டாவது ஒப்பந்தம். பல ஒப்பந்தங்களில் விலை, தேதி, செய்ய வேண்டிய பட்டியல் மூன்றும் முதல் நாளே எழுதிக் கையெழுத்தாகிவிடும். மூன்றையும் கட்டிப்போட்ட பிறகு 'மாற்றத்துக்கு ஈடுகொடுங்கள்' என்றால், ஈடுகொடுக்க மிச்சம் இருப்பது ஊழியரின் ராத்திரியும் சனிக்கிழமையும்தான்.

மூன்றாவது நம்முடைய பணிவு. கிளையன்ட் லைனில் இருக்கிறார், மேனேஜர் கேட்டுக்கொண்டிருக்கிறார், அப்ரைசல் அடுத்த மாதம். "இதை 2 வாரத்துல முடிக்க முடியாது சார்" என்று இரண்டு வருட அனுபவம் உள்ள ஒரு பெண் சொல்லிவிட முடியுமா? 'பண்ணிடலாம்' என்றுதான் வாயில் வரும். ரெட்ரோவிலும் இதே கதை. மனதில் இருப்பதைச் சொன்னால் தன் பேர் கெடும் என்ற பயம் இருக்கும் இடத்தில், யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். உண்மை வராத இடத்தில் அஜைல் ஓடாது.

வேலை போகுமா?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம்.

கேபிட்டல் ஒன் சொன்ன விளக்கத்தைப் பார்த்தால் ஒன்று புரியும். ஆரம்பத்தில் மாற்றத்தைக் கொண்டுவர இந்தப் பணிகள் தேவைப்பட்டன, இப்போது அந்த வேலையைப் பொறியாளர்களே தங்கள் அன்றாடப் பணியோடு சேர்த்துச் செய்வார்கள் என்பதுதான் அதன் சாரம். அதாவது அஜைல் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கென்று தனி ஆள் வேண்டாம் என்றது.

இதன்படி, அதிக நெருக்கடி யாருக்கு? மீட்டிங் அழைப்பு அனுப்புவது, டிக்கெட்டை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்த்துவது, மேலே அறிக்கை தயாரிப்பது மட்டுமே வேலையாக இருப்பவர்களுக்கு. இவற்றில் பலவற்றை இன்று மென்பொருளே செய்துவிடும்.

கோட் எழுதவே ஏ.ஐ. வந்த பிறகு அஜைல் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. இங்கே ஒரு சுவாரசியமான தகவல். சாஃப்ட்வேர் டீம்களின் செயல்திறனை ஆண்டுதோறும் ஆராயும் கூகுளின் டோரா ஆய்வு, 2024-ல் எதிர்பாராத ஒன்றைச் சொன்னது. ஏ.ஐ. பயன்பாடு 25 சதவீதம் கூடும்போது, டெலிவரியின் வேகம் சுமார் 1.5 சதவீதமும், நிலைத்தன்மை சுமார் 7.2 சதவீதமும் குறைவதாக அதன் மதிப்பீடு. ஏ.ஐ. கட்டுக்கட்டாகக் கோட் எழுதித் தருவதால், ஒரே தடவையில் பெரிய மாற்றங்கள் உள்ளே போவது காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் யூகம்.

எழுதுவது வேகமாகிவிட்டது. சரிபார்ப்பது வேகமாகவில்லை. அதனால் 'சின்னச் சின்னதாகச் செய், உடனே சோதி' என்ற பழைய பாடம் முன்பைவிட இப்போதுதான் அதிகம் தேவைப்படுகிறது.

உங்க டீம் அஜைலா? 4 கேள்வி போதும்

1. கடைசி 2 வாரத்தில் செய்ததை, நிஜமாகப் பயன்படுத்தப்போகும் ஒருவர் தொட்டுப் பார்த்தாரா? பிபிடி காட்டியது கணக்கில் சேராது.

2. ஸ்பிரின்ட்டில் எவ்வளவு வேலை எடுப்பது என்று முடிவு செய்வது செய்யப்போகிறவர்களா, அல்லது மேலிருந்து வருகிறதா?

3. பயனாளரின் கருத்தைக் கேட்டு, கடைசியாக எப்போது திட்டம் மாறியது? ஒருமுறை கூட மாறவில்லை என்றால், கருத்துக் கேட்டது சம்பிரதாயத்துக்குத்தான்.

4. போன ரெட்ரோவில் பேசிய குறைகளில் ஒன்றாவது இந்த முறை சரியானதா?

நாலுக்கும் 'இல்லை' என்றால் உங்களிடம் இருப்பது அஜைல் இல்லை. வாட்டர்ஃபாலை இரண்டு இரண்டு வாரமாக நறுக்கி வைத்திருக்கிறார்கள்.

உடனே செய்யக்கூடியதும் உண்டு. டீம் லீடாக இருப்பவர், ஸ்டாண்ட்-அப்பில் ஆளாளுக்கு கணக்குக் கேட்பதை நிறுத்திவிட்டு, "எந்த வேலை தேங்கி நிக்குது, யார் கை கொடுக்கலாம்?" என்று கேட்கலாம். வேலையைக் கொடுக்கும் நிறுவனங்களும் அரசுத் துறைகளும், விலையும் தேதியும் நிலையாக இருந்தால் பட்டியலிலாவது நெகிழ்வு தரலாம். மொத்தத்தையும் கடைசி நாளில் வாங்குவதற்குப் பதில், ஓடுகிற ஒவ்வொரு துண்டையும் பார்த்துப் பணம் கொடுக்கலாம்.

வேலை பற்றிக் கவலைப்படுபவர்களுக்கும் இதிலேயே விடை இருக்கிறது. ரெஸ்யூமேவில் இன்னொரு ஸ்க்ரம் சான்றிதழ் சேர்ப்பது இனி பெரிதாகக் கைகொடுக்காது. எந்தப் பயனாளருக்கு என்ன பிரச்னை இருந்தது, அதை எத்தனை நாளில் எப்படித் தீர்த்தோம், முதல் முயற்சி தப்பானபோது எப்படித் தெரிந்துகொண்டோம் என்று சொல்ல முடிந்தால், பதவியின் பெயர் மாறினாலும் அந்த ஆளுக்கு வேலை இருக்கும்.